டேகேர் தினசரிக் குறிப்பு: காலை வாங்குவதிலிருந்து மாலை ஒப்படைப்பது வரை எழுதும் முறை

மாலை ஆறு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ உடனே மூன்று கேள்விகள் வரும். இப்போதே ஏதாவது கொடுக்க வேண்டுமா? எத்தனை மணிக்குத் தூங்க வைப்பது? டாக்டரிடம் காட்ட வேண்டியது எதுவும் இருக்கிறதா? தினசரிக் குறிப்பு இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். "இன்று சமத்தாக இருந்தான், நன்றாகச் சாப்பிட்டான், விளையாடினான்" என்ற வரி மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

கீழே உள்ள வரிசை மூன்று வயது வரையிலான குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேர், க்ரெச், பிளே ஸ்கூல்களுக்கானது. வேலைக்குப் புதிதாக வரும் அக்காமார்கள் பெரும்பாலும் மாலை நான்கரைக்குப் பேனாவை எடுக்கிறார்கள். தவறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

1. முதல் நாளுக்கு முன் தயாராக வேண்டியவை

ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு தாள். எல்லாக் குழந்தைகளையும் ஒரே நோட்டில் வரிசையாக எழுதினால் ஒருவர் சாப்பிட்டது இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். பெற்றோரிடம் காட்டும்போது அடுத்த வீட்டுக் குழந்தையின் விவரமும் அவர்கள் கண்ணில் படும்.

தாள்களை அட்டையில் செருகி, டயப்பர் மாற்றும் மேடைக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அட்டையிலேயே நூலில் பேனாவைக் கட்டிவிடுங்கள். எழுதும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் வேண்டும். போனில் நேரம் பார்க்கப் போனால் போனிலேயே இரண்டு நிமிடம் போய்விடும். செயலி பயன்படுத்தும் இடங்களிலும் முதல் பதிவு தாளில் இருக்கட்டும், இடைவேளையில் செயலியில் ஏற்றலாம். ஈரக் கையோடு, இடுப்பில் குழந்தையோடு திரையில் தட்ட முடியாது.

இவை தவிர, மி.லி. கோடு தெளிவாகத் தெரியும் பால் பாட்டில், டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரே அளவிலான சாப்பாட்டுக் கரண்டிகள் வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் மாறாத விவரத் தாள் ஒன்று தனியாக இருக்கட்டும். அதில் ஒவ்வாமை, வழக்கமான மருந்து, டாக்டர் எண், யார் யார் கூட்டிப்போகலாம், படம் எடுக்க அனுமதி உண்டா என்பதெல்லாம் இருக்கும். இந்தத் தாள் முடியும் வரை குழந்தையைச் சேர்க்காதீர்கள். "நாளைக்குக் கொடுக்கிறோம்" என்று போன தாள் திரும்பி வருவதில்லை.

2. காலையில் வாங்கும்போது ஐந்து கேள்விகள்

அலுவலகத்துக்கு ஓடும் அவசரத்தில் பெற்றோர் வாசலிலேயே குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு நிமிடம் அவர்களை நிறுத்திக் கேளுங்கள். பதிலை அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள்.

குழந்தை எத்தனை மணிக்கு எழுந்தது? கடைசியாக எப்போது, என்ன, எவ்வளவு சாப்பிட்டது? இரவு எப்படித் தூங்கியது? மருந்து ஏதாவது கொடுத்தீர்களா, எத்தனை மணிக்கு? உடம்பில் அடி, கீறல், தடிப்பு உண்டா?

மருந்துக் கேள்வியை ஒருநாளும் விடாதீர்கள். காலை ஏழு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்துக் கூட்டிவந்தால் அது நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்யும். ஒன்பது மணிக்குத் தொட்டால் சூடு இருக்காது. பதினொன்றரைக்குக் காய்ச்சல் ஏறும்போது நீங்கள் புதுக் காய்ச்சல் என்று நினைப்பீர்கள். அடுத்த வேளை மருந்தை எப்போது கொடுக்கலாம் என்ற கணக்கும் தவறிவிடும்.

கடைசிக் கேள்விக்குப் பதிலை வாயால் மட்டும் வாங்காமல், கை, கால், முகத்தைப் பெற்றோரோடு சேர்ந்து ஒருமுறை பாருங்கள். "இடது முழங்காலில் பழைய சிராய்ப்பு, நேற்று வீட்டில்" என்று எழுதிவிட்டால் மாலையில் அதே காயத்தைப் பார்த்துப் பாட்டி பதறும்போது இரு பக்கமும் மனக்கசப்பு வராது.

3. நடந்த உடனே ஒரு வரி

விதி இதுதான்: நேரம், நடந்தது, அளவு. மூன்றும் ஒரே வரியில், நடந்து ஐந்து நிமிடத்துக்குள். கையில் ஆறு குழந்தைகள் இருக்கும் ஒருவருக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் யார் எத்தனை கரண்டி சாப்பிட்டார்கள் என்பது நினைவில் நிற்காது. அது நினைவுக் குறைவு ஆகாது, யாருக்கும் நிற்காது.

மாலையில் மொத்தமாக எழுதிய தாளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். நேரமெல்லாம் 12:00, 12:30, 1:00 என்று அரை மணிக் கணக்கில் நிற்கும். ஆறு தாளிலும் ஒரே வரி இருக்கும். இரண்டு வாரத்தில் பெற்றோருக்கு இது தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் உண்மையாக எழுதுவதையும் படிக்காமலே மடித்து வைப்பார்கள்.

கை ஓயாத நேரத்தில் எண்ணை மட்டுமாவது குறியுங்கள். "11:20 ம" என்றால் 11:20-க்கு மலம். இப்படிச் சுருக்க எழுத்துகளை எல்லோரும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, தாளின் அடியில் விளக்கத்தை அச்சடித்துவிடுங்கள்.

4. பாலும் சாப்பாடும்

எப்போதும் இரண்டு அளவு வேண்டும்: கொடுத்தது, உள்ளே போனது. "பால் 120" என்று எழுதினால் 120 கலக்கினீர்களா, 120 குடித்ததா என்று தெரியாது. "கொடுத்தது 120, குடித்தது 90, மீதி கொட்டியாயிற்று" என்று எழுதுங்கள். பிழிந்த தாய்ப்பால் அனுப்பும் அம்மா இந்த எண்ணை வைத்துத்தான் நாளைக்கு எத்தனை பாட்டில் நிரப்புவது என்று முடிவு செய்கிறார். 30 மி.லி. அவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

மீதியைக் கொட்டியதையும் எழுதக் காரணம் உண்டு. குழந்தை வாய் வைத்த தாய்ப்பால் பாட்டிலை, குடித்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கொட்டிவிட வேண்டும். ஃபார்முலா பாலுக்குக் கெடு இன்னும் குறைவு, குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரம்தான். நம் ஊர் வெயிலில் இதை நீட்டவே கூடாது. பாட்டில் வந்ததும் பெயரும் பிழிந்த நேரமும் ஒட்டியிருக்கிறதா பார்த்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வைத்த நேரத்தையும் தாளில் குறியுங்கள்.

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் க்ரெச் வசதி வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்பதை 2017-ல் வந்த மகப்பேறு சலுகைச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அப்படி அம்மா நேரில் வந்து பால் கொடுக்கும் இடங்களில் மி.லி. எழுத முடியாது. "அம்மா கொடுத்தது, 11:00 முதல் 11:20" என்று நேரத்தை எழுதுங்கள். அம்மாதானே கொடுத்தார் என்று விட்டுவிட்டால் மாலையில் கூட்டிப்போக வரும் அப்பாவுக்குப் பதினொன்று மணிக்குப் பால் குடித்தது தெரியாது.

சாப்பாட்டுக்குக் கரண்டிக் கணக்கு போதும். "பருப்பு சாதம், கொடுத்தது 8 கரண்டி, சாப்பிட்டது 3, கேரட்டைத் துப்பியது." "கால் கிண்ணம்" என்றால் எந்தக் கிண்ணம் என்ற கேள்வி வரும், எல்லோருக்கும் ஒரே அளவுக் கிண்ணம் இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். கக்கினால் எப்போது, சுமார் எவ்வளவு என்று எழுதுங்கள். பால் குடித்தவுடன் ஓரமாக வழிவதும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வேகமாக வாந்தி எடுப்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் "கக்கியது" என்று எழுதினால் டாக்டருக்கு உதவாது.

முதல் முறை கொடுத்த உணவு எதுவானாலும் அடிக்கோடு இடுங்கள். பிறந்தநாள் கேக், கடலை உருண்டை போன்றவை வெளியிலிருந்து வரும்போது முட்டை, பால், கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாளில் "கொடுக்கவில்லை" என்றும் எழுதுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, நாக்கில் தடவவும் கூடாது. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் தண்ணீர் கொடுப்பதில்லை. இரண்டையும் பெற்றோரோ பாட்டியோ கொடுத்தனுப்பினால், கொடுக்கவில்லை என்றும் ஏன் என்றும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

5. தூக்கம்

மூன்று நேரம் எழுதுங்கள்: படுக்க வைத்தது, தூங்கியது, எழுந்தது. 12:35-க்குப் படுத்து 12:55-க்குக் கண் மூடினால் அந்த இருபது நிமிடம் தூக்கத்தில் சேராது. தானாக எழுந்ததா, சத்தத்தில் விழித்ததா, நீங்கள் எழுப்பினீர்களா என்பதையும் சேருங்கள். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். வீட்டில் மீதிக் கணக்கைப் போட உங்கள் எண் வேண்டும்.

வீட்டில் தூளியில் தூங்கிப் பழகிய குழந்தைக்குப் பாயில் கண் மூட நேரம் ஆகும். முதல் இரண்டு வாரம் எத்தனை நிமிடம் ஆகிறது என்று தொடர்ந்து எழுதினால் அது குறைந்துகொண்டு வருவது பெற்றோருக்கே தெரியும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையை மல்லாந்து, சமமான இடத்தில், தலையணை இல்லாமல் படுக்க வைக்க வேண்டும். இடையில் போய்ப் பார்த்த நேரங்களைத் தாளின் ஓரத்தில் கோடு போட்டு வையுங்கள்.

6. டயப்பர், கழிவறை

ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரி. சிறுநீரா, மலமா, இரண்டுமா? காய்ந்திருந்தால் "காய்ந்தது" என்றே எழுதுங்கள், ஏனென்றால் அதுதான் முக்கியமான செய்தி. ஆறு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால் மாலை வரை காத்திருக்காமல் பெற்றோருக்குப் போன் போடுங்கள். உடலில் நீர் குறைவதற்கு அது அடையாளம்.

மலத்துக்கு நிறமும் பதமும்: கெட்டி, களி பதம், கூழ் பதம், தண்ணீர். 24 மணி நேரத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போனால் அதை வயிற்றுப்போக்கு என்று கணக்கிடுவார்கள். உங்களிடம் இரண்டு, வீட்டில் ஒன்று என்று பிரிந்து கிடந்தால் யாருக்கும் அது மூன்றாகத் தெரியாது. எண்ணிக்கையும் நேரமும் எழுதினால்தான் கூட்ட முடியும். ரத்தம், தார் போன்ற கறுப்பு, சுண்ணாம்பு போல் வெளுப்பு எது தெரிந்தாலும் உடனே போன்.

கழிவறைப் பழக்கம் தொடங்கிய குழந்தைக்கு "போனது" என்பதோடு நிறுத்தாதீர்கள். முன்கூட்டிச் சொன்னதா, போய்விட்டுச் சொன்னதா, சொல்லவே இல்லையா? இரண்டாவது நிலைக்கு வந்துவிட்டாலே நல்ல முன்னேற்றம், வீட்டிலும் அதே முறையைத் தொடரலாம்.

7. கவனித்ததை எழுதும் வரி

நாளுக்கு ஒன்று போதும். ஆனால் அது கண்ணால் பார்த்ததாக, அந்தக் குழந்தைக்கு மட்டும் பொருந்துவதாக இருக்க வேண்டும். புதியவர்களுக்குக் கடினமான இடம் இதுதான், தீர்ப்பு முந்திக்கொண்டு வரும்.

"அடம் பிடித்தது" என்று எழுதாதீர்கள். என்ன நடந்தது? "சிவப்புக் காரை இன்னொரு குழந்தை எடுத்ததும் தரையில் படுத்து நான்கு நிமிடம் அழுதது. மடியில் உட்கார வைத்ததும் நின்றது." இதைப் படிக்கும் அம்மாவுக்கு மடியில் வைத்தால் அடங்கும் என்பதும் தெரிகிறது. "கூச்ச சுபாவம்" என்றால் முத்திரை. "பத்து நிமிடம் சன்னலோரம் நின்று பார்த்தது, பிறகு தானே போய்த் தண்ணீர்த் தொட்டியில் டம்ளரை முக்கியது" என்றால் செய்தி. வாலு, சோம்பேறி, முரடு, அழுமூஞ்சி ஆகிய சொற்கள் தாளில் ஏறவே கூடாது. பெற்றோர் அந்தத் தாள்களை ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பார்கள், வளர்ந்த பின் அந்தப் பிள்ளையே எடுத்துப் படிக்கும்.

நல்லதை எழுதும்போதும் இதேதான். "கெட்டிக்காரி" என்பதைவிட "மூடி திறக்கும் டப்பாவை மூன்று முறை முயன்று திறந்தாள்" என்பது பெற்றோருக்கு மகிழ்ச்சி தரும்.

முதல் அடி, முதல் சொல் இரண்டையும் எழுதும் முன் அந்த வீட்டாரின் விருப்பம் தெரிந்திருக்க வேண்டும். சிலர் அதைத் தாங்களே முதலில் பார்க்க ஆசைப்படுவார்கள். சேர்க்கும்போதே கேட்டுவையுங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு "இன்று கை விட்டு நிற்கிறது, வீட்டில் கவனித்துப் பாருங்கள்" போதும்.

வளர்ச்சியில் சந்தேகம் வந்தால் நோயின் பெயரைத் தாளில் எழுதாதீர்கள். "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இன்று ஐந்தில் ஒரு முறை" என்ற கவனிப்பை இரண்டு மூன்று வாரம் தனிக் கோப்பில் தேதியோடு சேர்த்து, பொறுப்பாளர் வழியாக நேரில் உட்கார்ந்து பேசுங்கள். காது கேட்பதில் குறையாகவும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

8. அடி, கடி, காய்ச்சல்

இவற்றுக்குத் தனித் தாள். வரிசை மாறக் கூடாது: முதலுதவி, பிறகு போன், பிறகு எழுத்து. மாலை தாளைப் பார்த்துத்தான் பெற்றோருக்கு விஷயம் தெரிந்தது என்றால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அது தவறுதான். ஒரு மணி நேரத்துக்குள், பார்த்தவரே எழுத வேண்டும்.

ஒரு மாதிரி: "பகல் 10:40. விளையாட்டு அறை. மரக்கட்டையைப் பிடித்து இரு குழந்தைகள் இழுத்தபோது இன்னொரு குழந்தை வலது முன்கையின் வெளிப்பக்கம் கடித்தது. தோல் கிழியவில்லை, ரத்தம் இல்லை, ஒரு ரூபாய் நாணய அளவில் பல் தடம். சோப்புத் தண்ணீரால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் ஐந்து நிமிடம். 10:50-க்கு அழுகை நின்று விளையாடப் போனது. 10:55 அம்மாவுக்குப் போன், பேசியாயிற்று."

கடித்த குழந்தையின் பெயர் இதில் இல்லை. பெற்றோர் வற்புறுத்திக் கேட்டாலும் சொல்லக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே கடிப்பது சாதாரணம், ஆனால் பெயர் வெளியே போனால் இரு குடும்பங்களுக்கு நடுவே தீராத பகை ஆகும். வலது, இடது எப்போதும் குழந்தையின் வலது, இடது. நீங்கள் நேரில் பார்க்கவில்லையென்றால் "விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, அழுகை கேட்டுப் போனபோது படிக்கட்டருகே உட்கார்ந்திருந்தது" என்று உள்ளபடி எழுதுங்கள். ஊகித்து எழுதிய காரணம் பின்னால் பொய்யாகிவிடும்.

தலையில் பட்ட அடி எவ்வளவு சிறியதானாலும் போன். தாளில் அடுத்த 24 மணி நேரம் எதைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள்: திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்துக்கு மாறான மயக்கத் தூக்கம், வலிப்பு, இரு கருவிழிப் பாவைகளும் வேறு வேறு அளவில் இருப்பது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது. எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

"உடம்பு லேசாகச் சுடுகிறது" என்பது அளவாகாது. "2:10, அக்குளில் 100.8 டிகிரி" என்று எழுதுங்கள். எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்பதும் வேண்டும். 100.4 டிகிரியிலிருந்து காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அந்த எண் வந்தாலே டாக்டர். கண் சிவந்து பீளை தள்ளினாலோ கை, கால், வாயில் கொப்புளம் தெரிந்தாலோ அந்தக் குழந்தையின் தாளில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். மற்ற பெற்றோருக்கு "நம் டேகேரில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ அறிகுறி, உங்கள் குழந்தையின் கண்ணைக் கவனியுங்கள்" என்று பெயரில்லாமல் அறிவியுங்கள்.

எழுத்தில் அனுமதி இல்லாமல் மருந்து இல்லை. கொடுத்தால் பெயர், எத்தனை மி.லி., நேரம், கொடுத்தவர் கையெழுத்து, உடனிருந்தவர் கையெழுத்து.

குழந்தைக்கு யாரோ தீங்கு செய்திருக்கலாம் என்ற சந்தேகம் தரும் காயம் தினசரித் தாளுக்கு உரியது ஆகாது. அன்றே பொறுப்பாளரிடம் சொல்லித் தனியாகப் பதிவு செய்யுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பாலியல் குற்றம் என்ற சந்தேகம் என்றால் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டப்படி கடமை.

9. எந்த மொழியில், யாருக்கு

கூட்டிப்போக வருபவர் பாட்டி, செய்தியைப் படிப்பவர் அலுவலகத்தில் இருக்கும் அம்மா. இருவருக்கும் புரிய வேண்டும் என்றால் எளிய தமிழ், எண்கள், முழுச் சொற்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். "பல்"லும் "பால்"லும் ஒரே எழுத்துகளில் வந்து நிற்கும். வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் என்றால் சேர்க்கும்போதே எந்த மொழி வசதி என்று கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் தனிக் குழந்தை பற்றிய எதையும் போடாதீர்கள், பாராட்டைக்கூட. ஒரு குழந்தையைப் பாராட்டினால் மற்ற பதினான்கு வீடுகளில் "நம்ம பிள்ளை பற்றி ஏன் இல்லை?" என்ற கேள்வி எழும். படம் அனுப்பினால் அனுமதி தராத வீட்டுக் குழந்தையின் முகம் பின்னணியில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். படத்தைக் குறிப்புக்குப் பதிலாக அனுப்புவதும் வேண்டாம், சிரித்த முகத்தைப் பார்த்து மதியம் மூன்று கரண்டிதான் சாப்பிட்டது என்று யாருக்குத் தெரியும்?

10. ஒப்படைக்கும் முன் பதினைந்து நிமிடம்

ஒவ்வொரு தாளையும் மேலிருந்து கீழ் ஒருமுறை படியுங்கள். வெற்றுக் கட்டம் இருந்தால், நடக்கவில்லையா, எழுத மறந்தீர்களா என்று படிப்பவருக்குத் தெரியாது. நடக்கவில்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். மறந்திருந்தால் "நேரம் குறிக்கவில்லை" என்று எழுதுங்கள், கற்பனை நேரம் போடாதீர்கள். அடித்துத் திருத்தும்போது ஒரு கோடு மட்டும். வெள்ளை மை பூசினால் எதையோ மறைத்தது போல இருக்கும்.

14 மாதக் குழந்தை ஒன்றின் முடிந்த தாள் இப்படி இருக்கும்:

8:50 வந்தது. வீட்டில் 5:45-க்கு எழுந்தது, 7:30-க்கு ஒரு இட்லி, பால் 100 மி.லி. மருந்து இல்லை. இடது முழங்காலில் பழைய சிராய்ப்பு.
9:40 டயப்பர், சிறுநீர்.
10:15 வாழைப்பழம் பாதி, முழுதும் சாப்பிட்டது.
11:20 டயப்பர், சிறுநீர், மலம் களி பதம், மஞ்சள்.
11:50 பருப்பு சாதம், கேரட். 8 கரண்டியில் 3. தண்ணீர் 60 மி.லி.
12:35 படுக்கை, 12:55 தூக்கம், 1:40 சத்தத்தில் விழித்து அழுதது.
1:55 டயப்பர், சிறுநீர்.
3:10 ராகிக் கூழ் 100 மி.லி., முழுதும்.
4:00 டயப்பர், சிறுநீர்.
கவனித்தது: இரண்டு டம்ளரைத் தட்டிச் சத்தம் கேட்டுச் சிரித்தது, ஒன்றை நம் கையில் கொடுத்துத் தட்டச் சொல்லிக் காட்டியது.

இதைப் பார்க்கும் அப்பாவுக்கு முடிவு எடுக்க எல்லாம் இருக்கிறது. மதியம் குறைவாகச் சாப்பிட்டது, பகலில் 45 நிமிடம்தான் தூங்கியது, 1:40-லிருந்து விழித்திருக்கிறது. எனவே இரவுச் சாப்பாட்டை முன்னதாகக் கொடுத்து ஏழு மணிக்கே படுக்க வைக்கலாம்.

வாசலில் வாயால் சொல்வது இரண்டு அல்லது மூன்று வரிதான்: அன்றைக்கு வழக்கத்துக்கு மாறானது, வீட்டில் உடனே செய்ய வேண்டியது, குழந்தை ரசித்த ஒன்று. காயமோ காய்ச்சலோ இருந்தால் அதை முதலில் சொல்லிவிட்டுத் தாளைக் கையில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் தாளின் படத்தையோ கார்பன் நகலையோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலைப் பணிக்கு வருபவர் குழந்தையை வாங்கும் முன் அந்த நகலைப் பார்த்துவிட வேண்டும். அப்போதுதான் "நேற்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லையே, இரவு சாப்பிட்டதா?" என்று அவர் கேட்க முடியும்.